வரி விளம்பரம் போன வழி

ஒஸ்லோவில் பழைய கார் விற்பவரும் வாடகை வீடு தேடுபவரும் 1990-கள் வரை ஆஃப்டன்போஸ்டன் நாளிதழின் வரி விளம்பரப் பக்கங்களைத்தான் நம்பியிருந்தார்கள். இடத்துக்கு ஏற்பக் கட்டணம் என்பதால் அறைகள், மாடி, வாடகை, தொலைபேசி எண் எல்லாம் சுருக்கங்களாகக் குறுகிக் கிடக்கும். தெரிந்தவர் வழியாக அறை கிடைக்காத ஈழத் தமிழருக்கும் அந்தப் பொடி எழுத்துகளே கதி.

இன்று அவர்கள் கேட்பது, "ஃபின்னில பாத்தனீங்களோ?" ஃபின் என்ற இணைய விளம்பரத் தளத்தில் சமையலறைப் படம் உண்டு, வீட்டின் தரைப்படமும் உண்டு. பகுதியையும் விலை வரம்பையும் குறித்துவைத்தால், பொருத்தமான வீடு வந்ததும் கைப்பேசிக்குச் செய்தி வரும். பால்கனியில் நிற்கும் பழைய சோபாவின் படத்தைப் போட்டு, 'வந்து எடுத்துச் செல்பவருக்கு இலவசம்' என்று ஒருவர் எழுதுகிறார். காசு கொடுத்து அதை அச்சிட யாருக்கு மனம் வந்திருக்கும்!

வெளியார் எவரும் வந்து பத்திரிகைகளின் வரி விளம்பர வருமானத்தைப் பறிக்கவில்லை. 2000-இல் ஃபின்னைத் தொடங்கியவர்கள் ஒஸ்லோ, பெர்கன், ஸ்டவாங்கர், துரொண்ஹெய்ம், கிறிஸ்டியான்சான்ட் நகரங்களின் ஐந்து நாளிதழ்கள்தாம். ஆஃப்டன்போஸ்டனின் உரிமையாளரான ஷிப்ஸ்டெட் நிறுவனம், 1860-இல் அந்த நாளிதழைத் தொடங்கிய கிறிஸ்டியான் ஷிப்ஸ்டெட்டின் பெயரைத் தாங்கியது; ஃபின் தொடங்கியபோது நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஷெல் ஓமுட். புதிய தளத்தைப் பத்திரிகையின் விளம்பரப் பிரிவுக்குள் அடைக்காமல் தனி நிறுவனமாக விட்டார்கள்; தாய்ப் பத்திரிகையோடு போட்டியிடவும் விட்டார்கள். எப்படியும் போகப்போகும் பணம் நம் வீட்டுக்குள்ளேயே இடம் மாறட்டும் என்ற கணக்கு. சொல்வது எளிது. லாபம் தரும் பக்கத்தைத் தம் கையாலேயே மெலியவிட, அதே காலத்தில் பல நாடுகளின் பத்திரிகை முதலாளிகளுக்குத் துணிவு வரவில்லை.

கணக்கு பலித்தது. சில்லறைச் சாமான்களை இலவசமாகப் போடவிட்டுக் கூட்டத்தைச் சேர்த்தார்கள். வீடு, வேலை விளம்பரங்களுக்குக் கட்டணம் வாங்கினார்கள். ஸ்வீடனின் ப்ளாக்கெட் விளம்பரத் தளத்தையும் 2003-இல் ஷிப்ஸ்டெட் வாங்கிக்கொண்டது. அச்சோ தேய்ந்தது. அதே நிறுவனத்தின் வேகே நாளிதழ் 2002-இல் நாளொன்றுக்குச் சுமார் 3,90,000 பிரதிகள் விற்றது. 2010-இல் அது சுமார் 2,33,000. 1885 முதல் நாளுக்கு இரண்டு பதிப்புகள் கண்ட ஆஃப்டன்போஸ்டன், 2012 டிசம்பரில் மாலைப் பதிப்பை நிறுத்தியது.

ஒரே தாளில் அடங்கியிருந்ததால்தான் வீட்டு விளம்பரத்தின் காசு நிருபரின் சம்பளமானது. வாடகை அறை தேடிப் பக்கம் புரட்டியவர் கண்ணில் நாடாளுமன்ற விவாதமும் பட்டது. ஃபின்னில் வீடு தேடுபவருக்கு வீடு மட்டுமே கிடைக்கிறது, அதுவும் முன்னைவிட விரைவாக. குறை சொல்ல அவருக்கு என்ன இருக்கிறது?

ஷிப்ஸ்டெட் நிறுவனர் குடும்பத்தின் டினியுஸ் நாகெல்-எரிக்சன் 1996-இல் ஓர் அறக்கட்டளை அமைத்து, பத்திரிகைகளின் சுதந்திரத்தைக் காக்கத் தம் பங்குகளை அதில் வைத்தார். 2024-இல் அந்த அறக்கட்டளையே செய்திப் பிரிவைச் சுமார் 630 கோடி குரோனருக்கு வாங்கிக்கொண்டது. ஃபின் போன்ற விளம்பரச் சந்தைகள் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட பழைய நிறுவனத்திடம் தங்கின. 2025-இல் அது வெண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஷிப்ஸ்டெட் என்ற பெயர் பத்திரிகைகளோடு போயிற்று. சந்தா வசூலிக்கும் வேலையும் அவற்றோடுதான்.