புகைபோக்கியில் கசிவு: சத்தத்தை விடப் புகையே ஆபத்து

பொலிதேயாமா சதுக்கத்தைச் சுற்றி வாழும் எம்மவர்களில் பலரிடம் இன்று கார் உண்டு. பெரும்பாலும் அது பாவித்த கார். விடியற்காலையில் மொன்டெல்லோ வரை வேலைக்குச் செல்வதும் மாலையில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுமே அதன் அன்றாட ஓட்டம். இத்தகைய குறுகிய ஓட்டமே புகைபோக்கியை அரித்துவிடுகின்றது. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் ஆவியாக வெளிவருகின்றது. குழாய் நன்கு சூடேறுமுன் பயணம் முடிந்துவிட்டால் அந்நீர் சைலன்சருக்குள் தங்கி, உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்கின்றது. வெளியிலோ கடற்காற்றின் உப்பு. சைலன்சரை இத்தாலியர் 'மர்மித்தா' என்பர். சமையற் பானைக்கும் அவர்களிடம் அதுவே பெயர்!

ஓட்டை விழுந்தால் சத்தம் கூடும். பலரும் அதனைச் சகித்துக்கொண்டு ஓட்டுகின்றனர். அஞ்ச வேண்டியது சத்தத்துக்கல்ல. புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பற்றுடன் குருதியிற் பிணைகின்றது. காரின் அடிப்பகுதியிற் கசியும் புகை, துருப்பிடித்த தளத்தின் ஊடாகவும் பின்கதவு இடுக்கின் ஊடாகவும் உள்ளே வரலாம். வீடு மாறும்போது பொருட்களை ஏற்றிப் பின்கதவைத் திறந்தபடி ஓட்டினால் புகை உள்ளிழுக்கப்படும். பயணத்தில் பிள்ளைகளுக்குத் தலையிடி, குமட்டல், அசாதாரணத் தூக்கம் ஏற்பட்டால் 'கார் ஒத்துக்கொள்ளவில்லை' என்று விட்டுவிடலாகாது. உடனே நிறுத்தி அனைவரையும் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, 112ஐ அழைக்க வேண்டும்.

கசிவைக் கண்டுபிடிப்பது கடினமன்று. திறந்த வெளியில், சமதரையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். 'பொக்ஸ்' எனப்படும் மூடிய தரிப்பறையில் இயந்திரத்தை ஒருபோதும் இயக்கலாகாது. காரை ஜாக்கினால் உயர்த்தியபின் உறுதியான தாங்கிகளில் இருத்துங்கள்; ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுப்பது உயிரோடு விளையாடுவதாகும். இயந்திரத்தை இயக்கியதும் ஒருவர் கையுறை அணிந்து, தடித்த துணியால் குழாயின் வாயைச் சில வினாடிகள் அரைவாசி மறைக்க, மற்றவர் இணைப்புகளிற் சவர்க்கார நீரைப் பூச வேண்டும். குமிழி எழும் இடமே கசிவு. கரிபடிந்த இணைப்பும் ஐயத்துக்குரியது.

இணைப்பிற் கசிந்தால் கஸ்கெற்றையோ இறுக்குப் பட்டியையோ மாற்றினாற் போதும். துருவேறிய நட்டுகளுக்கு முதல்நாளே துரு இளக்கும் எண்ணெய் இடுங்கள். ஊசித்துளைக்குப் புகைபோக்கிப் பசை உதவும். எனினும் அது தற்காலிகமே. சைலன்சரின் உடலே உதிர்ந்தால் புதியது வாங்குவதே சிக்கனம். அதனைப் பூட்டும்போது எல்லா இணைப்புகளையும் முதலில் தளர்வாகப் பொருத்தி, தொங்கும் றப்பர்களையும் மாட்டி, குழாய் எங்கும் முட்டவில்லை என்று கண்டபின் முன்னிருந்து பின்னாக இறுக்க வேண்டும். பின்னர் மீண்டும் சவர்க்கார நீர்ச் சோதனை. இயந்திரத்தை ஒட்டிய பகுதியிற் கசிவோ, ஒட்டுவேலை தேவைப்படுவதோ இருந்தால் மெக்கானிக்கிடமே விடுங்கள்.

வெளியார் தயாரிப்பு மலிவானது, அதில் தவறில்லை. ஆனால் வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் நாட்டின் இலக்கமும் கொண்ட ஒப்புதல் முத்திரை அதிற் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். இத்தாலியின் இலக்கம் 3. உங்கள் கார் மாதிரிக்கு அது உரியதா என்றும் பாருங்கள். எம் இளைஞர் சிலர் உறுமலுக்காக முத்திரையற்ற குழாயைப் பூட்டுகின்றனர்; வினையூக்கிப் பெட்டியையே கழற்றுவோருமுண்டு. 1992ஆம் ஆண்டின் வீதிச் சட்டக்கோவை, 78ஆம் பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றத்துக்கு அபராதத்துடன் வாகனப் பதிவுப் பத்திரமும் எடுக்கப்படும். சொஜோர்னோவுக்காகக் கெஸ்தூரா வாசலிற் காத்து நிற்பது எமக்குப் போதாதா?

'றெவிசியோனே' எனும் வாகனப் பரிசோதனை, புதிய காருக்கு 4 ஆண்டுகளிலும் பின்னர் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் வரும். அங்கே புகையும் அளக்கப்படும். அந்த நாளுக்குச் சில வாரங்கள் முன்னரே காரின் அடிப்பகுதியைப் பார்த்துவிடுங்கள்.