ஷாக்கப்சர் ஓகே... அது நிக்கிற இடம்?

ராத்திரி பத்து மணிக்கு மேலயும் மெக்கானிக்கல் ஒர்க்‌ஷாப்பில் லைட் எரியுதா? உள்ளே அநேகமா ஒரு பாஹா டீம் இருக்கும். கையில் கிரீஸ், கண்ணில் தூக்கம், மண்டைக்குள்ள ஸ்பான்சர் டென்ஷன். அவங்க கட்டுறது ஒத்தை சீட்டு பக்கி வண்டி. குழாய்க் கூண்டு, நாலு சக்கரம், நடுவுல ஹெல்மெட் போட்ட ஒரு ஃப்ரெண்டு. அவ்வளவுதான்!

அமெரிக்காவில் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் 1976-ல் ஆரம்பிச்ச போட்டி இது. 2007-ல் நம்ம நாட்டுக்கு வந்தது, இந்தூர் பக்கத்துல இருக்கிற பீதம்பூருக்கு. டிசைன், காஸ்ட், பிரேக் டெஸ்ட், மேடு ஏறுறதுன்னு பல ரவுண்டு உண்டு. எல்லாத்துக்கும் கடைசியில் உட்கார்ந்திருக்கிற வில்லன், எண்டியூரன்ஸ் ரேஸ். கல்லு, பள்ளம், சேறு, ஜம்ப்... நாலு மணி நேரம் ஓடணும். பல வருஷமா எல்லா டீமுக்கும் ஒரே 10 ஹெச்.பி. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின்தான் கொடுத்தாங்க. வேகத்துல பெரிய வித்தியாசம் காட்ட முடியாது. உடையாம ஓடுறவன்தான் ஜெயிப்பான்.

உடையறது எதுன்னு பார்த்தா சிரிப்பு வரும், கூடவே அழுகையும் வரும். ஷாக் அப்சார்பர் புத்தம் புதுசா பளபளன்னு இருக்கும். அதை வண்டியோட பிடிச்சிருந்த தகடு பிஞ்சு தொங்கும். இல்லேன்னா போல்ட்டு வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிருக்கும். ஒரு வருஷ உழைப்பு, அப்பாகிட்ட கெஞ்சி வாங்கின காசு, எல்லாம் ஒரு உள்ளங்கை சைஸ் இரும்புத் துண்டால் காலி. வண்டி ஜம்ப்ல இருக்கும்போது பிஞ்சா, உள்ளே இருக்கிற ஃப்ரெண்டோட முதுகெலும்புக்கும் அதுதான் பதில் சொல்லணும்.

காரணம் ஒண்ணும் பெரிய ரகசியம் இல்லை. ஃபாக்ஸ் கம்பெனி ஏர் ஷாக் வாங்கலாமா, பைக் ஷாக்கையே மாத்தி வெச்சுக்கலாமான்னு மூணு மாசம் சண்டை போடுவாங்க. அது உட்காருற மவுண்ட்டை மட்டும் கடைசி ராத்திரி, மிச்சம் கிடந்த தகட்டை வெட்டி, கண்ணளவுல ஒட்டிடுவாங்க. மெக்கானிக் அண்ணன்கள் பாஷையில் சொன்னா, 'ஷாக்கப்சர் சூப்பர், நிப்பாட்டின இடம் டப்பா!'

கொஞ்சம் கணக்கு. இ.சி.இ., பி.காம் மக்களும் பயப்படாம படிக்கலாம். டிரைவரோட சேர்த்து வண்டி 250 கிலோன்னு வெச்சுக்குங்க. ஜம்ப் அடிச்சு ஒத்தைச் சக்கரத்துல இறங்குது. எடையைப் போல மூணு மடங்கு அடின்னா 750 கிலோ. ஷாக்கோட கீழ்முனையை ஆர்ம் நடுவுல மாட்டியிருக்கீங்களா? நெம்புகோல் விதிப்படி அது டபுளாகி 1500 கிலோ. ஷாக்கை சாய்ச்சு வெச்சிருந்தா இன்னும் ஏறும். உங்க ஒத்தை போல்ட்டுல ஒன்றரை டன்!

'10 மி.மீ. போல்ட்டு தாங்குமா பாஸ்?' தாங்கும். தலையில் 8.8-னு அச்சடிச்ச போல்ட்டுன்னா, வெட்டுப்பட்டு ரெண்டா போறதுக்கு மூணரை டன்னுக்கு மேல வேணும். (அந்த 8.8-க்கு அர்த்தம் தெரியுமோ? முதல் 8, சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 80 கிலோ இழுத்தா அறும். அடுத்த 8, அதுல 80 சதவீதம், அதாவது 64 கிலோவுலயே நிரந்தரமா வளைய ஆரம்பிச்சிடும்.) பல டீம் இந்த வெட்டுக் கணக்கைப் போட்டுட்டு நிம்மதியா தூங்கப் போயிடுது. ஆனா போல்ட்டை சாகடிக்கிறது வெட்டு இல்லை, வளைவு.

சுவத்துல அடிச்ச ஆணியில் கனமான பையை மாட்டிப் பாருங்க, ஆணி தலை குனியும். கிணத்து ராட்டினத்தோட அச்சு குனியுதா? இல்லையே! ரெண்டு பக்கமும் தாங்கல் இருக்கு. ஒரே ஒரு தகட்டுல போல்ட்டை நீட்டி ஷாக்கை மாட்டினா அது ஆணி. ரெண்டு தகட்டுக்கு நடுவுல மாட்டினா அது ராட்டினம். முதல் வகைக்கு சிங்கிள் ஷியர், ரெண்டாவதுக்கு டபுள் ஷியர்னு பேரு. ஷாக்கோட கண் 30 மி.மீ. அகலம்னா, ஆணி முறையில் அந்த 1500 கிலோ போல்ட்டுக்குக் கொடுக்கிற வளைவு அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 230 கிலோ. தாங்குறது 64-தான்! ராட்டின முறையில் அதுவே கால்வாசியாகி 57-க்கு வந்துடும். அதே போல்ட்டு, அதே ஷாக்கு, கூட ஒரு துண்டுத் தகடு மட்டும்தான். ஆஃப்-ரோடு வண்டியில் சிங்கிள் ஷியருக்கு எந்த மன்னிப்பும் கிடையாதுங்கிறது என் கட்சி.

போல்ட்டு வாங்கும்போது நீளத்தையும் பாருங்க. தகட்டு ஓட்டைக்குள்ள மரை வரக் கூடாது, மரையில்லாத வழுவழுப்பான பகுதிதான் உட்காரணும். மரை ஒவ்வொண்ணும் ஒரு சின்ன வெட்டுக்காயம், உடைசல் அங்கேதான் பிள்ளையார் சுழி போடும். கடைக்காரர் முழு மரை போல்ட்டைத்தான் முதல்ல நீட்டுவார். வேண்டாம்னு சொல்லுங்க. நைலாக் நட்டு போட்டு, நட்டைத் தாண்டி ரெண்டு மரையாவது வெளியே தெரியணும். கழட்டின நைலாக்கைத் திரும்பப் போடுற கஞ்சத்தனம் வேண்டாம்.

அடுத்து, தகட்டை எங்கே ஒட்டுறது? கூண்டோட குழாய் ஒரு இன்ச் விட்டம், மூணு மி.மீ. கனம். அது நீளவாக்கில் இழுவையும் அழுத்தமும் தாங்கும். நடுவுல குத்தினா வளையும். அதனால குழாய்கள் சந்திக்கிற முடிச்சுலதான் மேல் மவுண்ட் வரணும். முடிச்சு கிடைக்கலையா? ஷாக் தள்ளுற திசையில் இன்னொரு குழாயைக் கொடுத்து முடிச்சை உருவாக்குங்க. எடை கூடுதேன்னு டிசைன் பையன் முறைப்பான். முறைக்கட்டும்.

தகடு குட்டையா இருக்கிறது நல்லது. உயரம் கூடினா பக்கவாட்டு ஆட்டத்துக்கு அதுவே நெம்புகோல் ஆயிடும். ஓட்டை நடுவுல இருந்து தகட்டு விளிம்புக்கு, போல்ட்டு விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது இரும்பு இருக்கணும். 10-க்கு 15. ரெண்டு தகட்டையும் பின்பக்கம் ஒரு சின்னத் துண்டால் சேர்த்துப் பெட்டி மாதிரி ஆக்கிட்டா விறைப்பா நிக்கும். அம்பத்தூர்லயும் கோவையிலும் லேசர்ல வெட்டிக் கொடுக்கிற பட்டறை இருக்கும்போது ஹேக்ஸா பிளேடோட மல்லுக்கட்டாதீங்க. வெல்டிங் வைக்கிறப்போ, ஷாக் கண் அகலத்துக்கு ஒரு டம்மி புஷ் கடைஞ்சு, ரெண்டு தகட்டுக்கும் நடுவுல போல்ட்டு போட்டு இறுக்கிட்டு வையுங்க. இல்லேன்னா சூட்டுல தகடு உள்ளே சாய்ஞ்சு, ஷாக் உள்ளேயே போகாது. அப்புறம் சுத்தியலால் அடிச்சு விரிப்பீங்க. முதல் விரிசல் அப்பவே ரெடி!

புஷ் விஷயத்துல ஒரே கேள்விதான்: ஆர்ம் ஏறி இறங்கும்போது ஷாக் நேரா ஆடுதா, முறுக்கிக்கிட்டு ஆடுதா? நேரான்னா ரப்பரோ பாலியூரித்தேனோ போதும். முறுக்குனா உருண்டை பேரிங் போட்டாகணும். அது எந்தப் பக்கமும் அசையும், ஆனா புழுதி பட்டா சீக்கிரம் தேயும். எதுவா இருந்தாலும் உள்ளே இருக்கிற இரும்புக் குழல் புஷ்ஷைவிட ஒரு மயிரிழை நீளமா இருக்கணும். அப்போதான் தகடு குழலைப் பிடிச்சு இறுக்கும், புஷ் சுதந்திரமா சுத்தும்.

இன்னொண்ணு, பம்ப் ஸ்டாப். ஷாக் முழுசா அமுங்கி முட்டிக்கிட்டா, அதுக்கு மேல வர்ற அடி மொத்தமும் மவுண்ட்டுக்குத்தான். ஜீப்பை உயர்த்தி நீளமான ஷாக் மாட்டிட்டு, ஸ்டாப்பை மட்டும் பழையபடி விட்டுடுற அண்ணன்களுக்கும் மவுண்ட் பிய்யறது இப்படித்தான். முட்டுறதுக்கு முன்னாடி ரப்பர் கட்டை தாங்கிடணும்.

டெஸ்ட் ஓட்டம் முடிஞ்சதும் வண்டியைக் கழுவிட்டு வெல்டிங் ஓரத்தைப் பாருங்க, நடுவுல இல்லை, ஓரத்துல. தலைமுடி மாதிரி கோடு தெரிஞ்சா அது அழுக்கா விரிசலான்னு பட்டிமன்றம் வேண்டாம். டை பெனட்ரன்ட்னு ஸ்பிரே டப்பா விக்குது. சிவப்புச் சாயத்தை அடிச்சு, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைச்சு, மேல வெள்ளைப் பவுடர் அடிச்சா, விரிசல் இருக்கிற இடத்துல மட்டும் சிவப்பு எட்டிப் பார்க்கும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே பெயின்ட்ல ஒரு கோடு போட்டு வையுங்க. கோடு விலகினா நட்டு லூஸு.

கூண்டுக்குக் கறுப்புதான் கெத்துன்னு கேப்டன் அடம்பிடிச்சா அடிச்சுக்கட்டும். மவுண்ட்டுக்கு மட்டும் வெள்ளை பெயின்ட் அடிங்க. விரிசல் விட்டா தூரத்துல இருந்தே தெரியும்.