114 நாள்: பிளஸ் டூவுக்கும் கல்லூரிக்கும் நடுவில் பெற்றோர் செய்த வேலை

2019-இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்வு மார்ச் 19-ஆம் தேதி முடிந்தது. ரிசல்ட் ஏப்ரல் 19. சரியாக ஒரு மாசம். அடுத்த வருஷம் தேர்வு மார்ச் 24-இல் முடிந்தது. ரிசல்ட் வந்தது ஜூலை 16-இல். எண்ணிப் பார்த்தால் 114 நாள். அதற்கும் அடுத்த வருஷம் தேர்வே நடக்கவில்லை.

கொரோனா காலத்துப் படிப்பு என்றாலே ஆன்லைன் கிளாஸ், செல்போன், நெட்வொர்க் என்றுதான் பேசுகிறோம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருந்த பெற்றோருக்கு இந்த இடைவெளிதான் பெரிய சோதனை என்று எனக்குத் தோன்றுகிறது. குறிப்பாக திண்டுக்கல் மாதிரி ஒரு ஊரில்.

ஏன் திண்டுக்கல்? இங்கே ஒரு பிள்ளை சும்மா இருக்கிறது என்றால் அதற்கு வேலை கிடைத்துவிடும். வேடசந்தூர்ப் பக்கம் பஞ்சாலைகள். நிலக்கோட்டைப் பக்கம் பூப்பறிப்பு. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மார்க்கெட். டவுனுக்குள் கடைகள், பேகம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்புகள். முதல் ஊரடங்கில் இவையும் நின்றுபோய், பூ விற்க வழியில்லாமல் செடியிலேயே விட்ட வீடுகள் உண்டு. திரும்பத் திறந்தபோது வீட்டில் கையிருப்பு காலி, கடன் பாக்கி. "ரிசல்ட் வர்ற வரைக்கும் சும்மாதானே இருக்க, ஒரு ரெண்டு மாசம் போய்ட்டு வா" என்று சொல்வது ரொம்ப எளிது. அந்த ரெண்டு மாசம் ரெண்டு வருஷமாகிவிடும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெண் பிள்ளை என்றால் இன்னொரு பேச்சும் சேர்ந்தே வரும்.

அதனால் அந்த நாட்களில் பெற்றோர் செய்த உதவி பாடம் சொல்லிக்கொடுத்ததில் இல்லை. பெரும்பாலான வீடுகளில் அவர்களால் அது முடியவும் முடியாது. பிள்ளையைக் கல்லூரி வாசல் வரைக்கும் "மாணவர்" என்ற பெயரிலேயே வைத்திருந்தார்களே, அதுதான் உதவி. அதற்கு என்னென்ன வேலை தேவைப்பட்டது என்று பிரித்துப் பார்க்கலாம்.

பஸ் இல்லாத மாதத்தில் விண்ணப்பம்

2020 மார்ச் 24 அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மாநிலத்தில் 144 தடை வந்தது. அன்று காலையிலேயே பல ஊர்களில் பஸ் குறைந்துவிட்டது. கடைசிப் பரீட்சையை 34 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களால் எழுத முடியவில்லை. அவர்களுக்கு ஜூலை 27-இல் மறுபடி தேர்வு வைத்தார்கள்.

பொறியியல் கலந்தாய்வுக்கான பதிவு ஜூலை 15-இல் தொடங்கி ஆகஸ்ட் 16 வரை நடந்தது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் ஜூலை 20 முதல் இணையம் வழியாகத்தான் விண்ணப்பம். இதே நாட்களில் பஸ் நிலவரம் என்ன? ஜூன் மாதம் மண்டலத்துக்குள் ஓடிய பஸ்கள் ஜூலை 1-இல் நின்றன. மாவட்டத்துக்குள் மறுபடி ஓடத் தொடங்கியது செப்டம்பர் 1-இல். அதாவது விண்ணப்பம் போட வேண்டிய காலம் முழுக்க ஊரில் பஸ்ஸே இல்லை. மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும்.

விண்ணப்பம் ஆன்லைனுக்குப் போனது வரிசையில் நிற்கும் கஷ்டத்தைக் குறைத்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு கல்லூரியாகப் போய் ஃபாரம் வாங்கணும். இப்போது பதிவுக்கும் விண்ணப்பத்துக்கும் சேர்த்து 50 ரூபாயில் ஒரே இடத்தில் முடிந்தது. ஆனால் நத்தம், வத்தலக்குண்டுப் பக்கத்துக் கிராமத்தில் இருப்பவருக்கு அந்த ஒரே இடம் பிரவுசிங் சென்டர். அங்கே போக அப்பாவின் டிவிஎஸ் வண்டி. அந்த வண்டியும் அப்பாவின் செல்போனும் பகலில் வேலைக்குப் போய்விடும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வண்டியையும் போனையும் பிள்ளைக்கென ஒதுக்கினார் பாருங்கள், அதற்கு எந்த மார்க் ஷீட்டிலும் இடமில்லை.

இதில் ஒரு சின்ன விஷயம் பெரிய வித்தியாசம் பண்ணும். விண்ணப்பத்தில் கொடுக்கும் செல்போன் நம்பர். அவசரத்தில் சென்டர்காரர் நம்பரையோ, அடிக்கடி மாறும் நம்பரையோ கொடுத்துவிட்டால் ஓடிபியும் அங்கேதான் போகும், ஒதுக்கீட்டுச் செய்தியும் அங்கேதான் போகும். வீட்டில் நிரந்தரமாக இருக்கும் நம்பர், அதற்கு ரீசார்ஜ், ஒரு நோட்டில் எழுதிவைத்த பாஸ்வேர்டு. படிக்காத அம்மாவும் பார்த்துக்கொள்ளக்கூடிய வேலை இது.

தாள்கள்

அந்த வருஷம் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டியிருந்தது. சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. இ-சேவை மையத்தில் பதிந்தால் விண்ணப்பம் விஏஓ, ஆர்ஐ என்று மேலே போய் தாலுகா அலுவலகத்தில் முடியும். ரேஷன் கார்டில் ஒரு இனிஷியல், ஆதாரில் ஒரு இனிஷியல், டிசியில் ஒரு எழுத்துப் பிழை என்றால் நடுவில் எங்கேயாவது நிற்கும்.

முதல் பட்டதாரிச் சான்றைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லணும். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால், பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் கவுன்சிலிங் வழியாகச் சேரும் முதல் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. 2010-11-இல் வந்த திட்டம். ஒரு குடும்பத்தில் ஒருத்தருக்குத்தான். எந்தப் பிள்ளைக்கு அதை எடுப்பது என்பதைப் பெற்றோர்தான் யோசிக்க முடியும்.

2020 அக்டோபரில் இன்னொரு தாளும் மதிப்புப் பெற்றது. நீட் எழுதித் தேறிய அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2021 ஆகஸ்டில் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அதை விரித்தார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கு அத்தாட்சி வேண்டும். நடுவில் பள்ளி மாறிய பிள்ளை என்றால் பழைய பள்ளிக்கும் போகணும். இந்த நடையெல்லாம் 114 நாளுக்குள் நடந்த வீடுகளில், ரிசல்ட் வந்த அன்றைக்குப் பதற்றம் பாதிதான்.

பழைய மார்க்கே புது மார்க்

2021 வேறு மாதிரி. அந்தப் பிள்ளைகள் நேரில் பள்ளிக்கு வந்ததே 2021 ஜனவரி 19-இல்தான். மே 3-இல் தேர்வு என்றார்கள். ஏப்ரல் 18-இல் தள்ளிவைத்தார்கள். ஜூன் 5-இல் ரத்து என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். நடுவில் 48 நாள், "படிக்கணுமா, வேணாமா?" என்று தெரியாத நாட்கள். இரண்டாம் அலை உச்சத்தில் இருந்ததும் அப்போதுதான். பக்கத்துத் தெருவில் சாவு, வீட்டில் காய்ச்சல், கையில் பௌதிகப் புத்தகம்.

பிறகு மதிப்பெண்ணுக்கு ஒரு கணக்கு வந்தது. பத்தாம் வகுப்பில் அதிகம் எடுத்த மூன்று பாடங்களின் சராசரிக்கு 50 சதவீதம். பிளஸ் ஒன் எழுத்துத் தேர்வுக்கு 20. பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30. உதாரணமாக ஒரு பிள்ளை பத்தாவதில் 84, 78, 72 எடுத்திருந்தால் சராசரி 78. அதில் பாதி 39. பிளஸ் ஒன்னில் ஒரு பாடத்தில் 60 சதவீதம் என்றால் 20-க்கு 12. செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து 28 என்றால் மொத்தம் 79. ஜூலை 19-இல் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தேர்ச்சி.

"பிளஸ் டூவுல பார்த்துக்கலாம்" என்று பத்தாவதை விட்டிருந்த பிள்ளைக்கு இது அடி. 2019-இல் எழுதிய பரீட்சை 2021-இல் திரும்பி வந்து நின்றது. அப்போது வீட்டில் ரெண்டு விதமாகப் பேசலாம். "அப்பவே சொன்னேன்ல" என்பது ஒன்று. "ஆகஸ்ட்ல தனியா எழுதலாமாம், உனக்கு இஷ்டமா?" என்பது இன்னொன்று. அப்படி ஒரு வாய்ப்பு உண்மையிலேயே இருந்தது. மதிப்பெண்ணில் திருப்தி இல்லாதவர்களுக்கு ஆகஸ்ட் 6 முதல் 19 வரை தேர்வு நடத்தினார்கள். முதல் பேச்சு ரெண்டு வருஷம் முந்தைய விஷயத்தைப் பற்றியது. இரண்டாவது அடுத்த வாரத்தைப் பற்றியது.

நம் ஊரில் மட்டும் இந்தக் குழப்பம் இல்லை. இங்கிலாந்தில் 2020 ஆகஸ்ட் 13-இல் ஏ-லெவல் மதிப்பெண்களை ஒரு கணினிக் கணக்கு வைத்து வெளியிட்டார்கள். அந்தப் பள்ளியில் முந்தைய வருஷங்களில் படித்தவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. ஆசிரியர்கள் கொடுத்த மதிப்பீட்டில் ஏறக்குறைய 40 சதவீதம் கீழே இறங்கியது. பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். நான்கே நாளில், 17-ஆம் தேதி, அரசு பின்வாங்கியது. தமிழ்நாட்டுக் கணக்கில் குறை உண்டு. ஆனால் யாரோ எழுதிய பரீட்சைக்கு இந்தப் பிள்ளை பொறுப்பாகவில்லை.

மதுரைக்கு ஒரு பயணம்

2020-இல் நீட் செப்டம்பர் 13-இல் நடந்தது. தமிழ்நாட்டில் அப்போது 14 நகரங்களில்தான் மையம். திண்டுக்கல் அதில் இல்லை. மதுரை, கரூர், திருச்சி என்று போகணும். மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் தொடங்கியதே செப்டம்பர் 7-இல், தேர்வுக்கு ஆறு நாள் முன்னால். மதியம் ரெண்டு மணித் தேர்வுக்கு, கூட்டம் சேராமல் இருக்க, காலை 11 மணியிலிருந்தே நேரம் பிரித்து உள்ளே விட்டார்கள். வெளியே பெற்றோர் உட்கார டீக்கடைகூடப் பாதிதான் திறந்திருந்த காலம். அடுத்த வருஷம்தான் திண்டுக்கல்லும் தேர்வு நகரமானது. கூடவே செங்கல்பட்டு, விருதுநகர், திருப்பூர். 2022 ஜனவரி 12-இல் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது.

அந்த 2020 தேர்வுக்கு முந்தைய நாள், தமிழ்நாட்டில் மூன்று பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். ஒரு காரணத்துக்குள் அதை அடக்கிப் பேசுவது நியாயமில்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். தேர்வு நாலு மாசம் தள்ளிப் போனால் பயமும் நாலு மாசம் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். பிள்ளை சாப்பாட்டைக் குறைக்குது, ராத்திரி தூங்கல, பேச்சைக் குறைச்சுக்குது என்றால் "பரீட்சை டென்ஷன்" என்று தள்ளிவிடாமல் பக்கத்தில் உட்காரணும். 104, 14417 என்ற அரசு உதவி எண்களில் மனநல ஆலோசனையும் படிப்பு வழிகாட்டுதலும் கிடைக்கும்.

பட்டியலில் எது முதலில்?

இடைவெளியின் கடைசி வேலை, கல்லூரிகளை வரிசைப்படுத்துவது. பெற்றோர் தப்பாகப் புரிந்துகொள்வதும் இங்கேதான். "கெடைக்குற காலேஜை மொதல்ல போடு, இல்லாட்டி அதுவும் போயிடும்" என்பார்கள். பொறியியல் கவுன்சிலிங்கில் கணினி அப்படி வேலை செய்வதில்லை. தரவரிசைப்படி உங்கள் பிள்ளையின் முறை வரும்போது, பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கும். முதலில் எது காலியாக இருக்கிறதோ அதைக் கொடுக்கும். கிடைக்காத கல்லூரியை முதலில் போட்டதால் கீழே உள்ளது கைநழுவாது. அதனால் உண்மையான ஆசை வரிசையிலேயே போடலாம். நிறையப் போடலாம். போகவே மாட்டோம் என்ற கல்லூரியை மட்டும் போடக் கூடாது.

இதில் பெற்றோரின் பங்கு ஒரு பேப்பரில் மூன்று எண்களை எழுதுவது: வருஷத்துக்கு எவ்வளவு கட்ட முடியும், விடுதியா பஸ்ஸா, எவ்வளவு தூரம். அந்த எல்லைக்குள் எந்தப் படிப்பு என்பதைப் பிள்ளை சொல்லட்டும். எல்லையை மறைத்துவிட்டு "உன் இஷ்டம்" என்று சொல்லி, கட்டணம் கட்டும் நாளில் "முடியாதுப்பா" என்பதுதான் பிள்ளையை உடைக்கும். டவுனில் எம்.வி.எம். அரசு மகளிர் கல்லூரி, சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமப் பல்கலைக்கழகம் என்று வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் இடங்கள் இருக்கிற ஊர் இது. அவை பட்டியலில் இருந்தாலே "தூரம்" என்ற சாக்கு பாதி அடைபடும்.

இப்போது

இடைவெளி சுருங்கிவிட்டது, ஆனால் மறையவில்லை. 2024-இல் தேர்வு மார்ச் 22-இல் முடிந்து மே 6-இல் ரிசல்ட் வந்தது, 45 நாள். கொரோனாவுக்குப் பிறகு சில நல்ல ஏற்பாடுகளும் வந்திருக்கின்றன. 2022 ஜூனில் பிளஸ் டூ முடித்தவர்களுக்குக் 'கல்லூரிக் கனவு' வழிகாட்டி நிகழ்ச்சிகள். அதே வருஷம் செப்டம்பர் 5-இல் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம். ஆயிரம் ரூபாய் மில் சம்பளத்துக்கு ஈடாகாதுதான். ஆனால் "பஸ் காசுக்கு என்ன பண்றது" என்ற கேள்விக்கு அது பதில்.

இந்த வருஷம் பிளஸ் டூ எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால், கடைசிப் பரீட்சைக்கு மறுநாள் ஒரு வாரம் நன்றாகத் தூங்கவிடுங்கள். அடுத்த வாரம் இ-சேவை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். சான்றிதழில் பெயரைப் பிள்ளையே சரிபார்க்கட்டும். "சும்மாதானே இருக்க" என்று யாராவது கேட்டால், "காலேஜுக்கு ரெடியாயிட்டு இருக்கா" என்று நீங்கள் பதில் சொல்லுங்கள். அந்தப் பதிலைப் பிள்ளை காதுபடச் சொல்லுங்கள்.