பட்டத்துக்கு வால், விமானத்துக்கு மூக்கு

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு சம்மாந்துறை வட்டைகளில் வரம்புக்கு வரம்பு பட்டம் ஏறிவிடும். சுழன்று விழுந்த பட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற ஏதாவதொரு பத்து வயதுப் பையனை மறித்து, "ஏன் விழுந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "முச்சை பிழை, வாலும் காணாது" என்பான். அவனுக்கு விமானம் கட்டச் சொல்லிக்கொடுப்பது லேசு. பாதியை ஏற்கெனவே படித்துவிட்டான்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 1804இல் இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் ஜோர்ஜ் கெய்லி என்பவர் செய்த முதல் மாதிரி விமானமே ஒரு பட்டம்தான். சாதாரணக் காகிதப் பட்டத்தை ஒரு கம்பின் மேல் சற்றுச் சாய்வாகக் கட்டினார், அதுதான் செட்டை. கம்பின் பின் முனையில் அசைக்கக்கூடிய வால். முன்பக்கம் ஒரு பாரம், தேவைக்கு நகர்த்திக்கொள்ளலாம். நூலை விட்டுவிட்டுப் பாரத்தைப் பிடித்த பட்டம் அது. இருநூறு வருடமாகியும் அந்த அடிப்படை மாறவில்லை.

முதலில் எந்த விமானத்தைச் செய்வது? பையன்களுக்குப் போர் விமானத்தில்தான் கண். கிபிர் வேண்டாம். அதன் சத்தத்துக்குப் பதுங்கிய தலைமுறை நாங்கள் என்பது ஒரு பக்கம். சின்ன முக்கோணச் செட்டையோடு மெதுவாக மிதக்க அதற்குத் தெரியாது என்பது மறுபக்கம். நான் சொல்வது செஸ்னா 172. உலகில் 44,000க்கு மேல் கட்டப்பட்ட, வேறெந்த விமானமும் எண்ணிக்கையில் எட்டாத சிறு விமானம். செட்டை உடம்புக்கு மேலே நீளமாக, ஏறக்குறைய நேர்க்கோட்டில் இருக்கும். மூன்று பக்கத்திலிருந்தும் பார்த்து வரைந்த படம் சுலபமாகக் கிடைக்கும்.

பாடசாலையில் படித்த அளவிடைப் படம் இங்கே உதவும். 1:10 என்று வைத்துக்கொள்வோம். நிஜத்தின் செட்டை நுனிக்கு நுனி 11 மீற்றர், நீளம் ஏறக்குறைய 8.3 மீற்றர். நமக்கு 110 சென்ரிமீற்றரும் 83 சென்ரிமீற்றரும். இதுவரை அடிமட்டம் போதும். பரப்பளவுக்கு வந்தால் பத்தின் வர்க்கம்: 16.2 சதுர மீற்றர் செட்டை 1,620 சதுர சென்ரிமீற்றராகிவிடும். கனவளவுக்குப் பத்தின் கனம். ஆகவே 1,111 கிலோ எடையோடு எழும்பும் விமானம் 1.1 கிலோவாகும். எடை ஆயிரத்தில் ஒன்றாகவும் செட்டை நூறில் ஒன்றாகவும் குறைவதால், ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரும் தூக்கவேண்டிய பாரம் பத்தில் ஒன்றுதான். எஞ்சின் இல்லாத ரெஜிபோம் மாதிரியை 300 கிராமுக்குள் முடித்துவிடலாம். அப்போது மணிக்கு 20 கிலோமீற்றர் அளவிலேயே அது மிதக்கத் தொடங்கும். ஒரு பையன் ஓடுகிற வேகம்!

ஆனால் காற்று சுருங்காது. செட்டையின் அகலம் 15 சென்ரிமீற்றராகி வேகமும் குறைந்தபின் காற்றின் பிசுக்குமை கை ஓங்கிவிடும். சின்ன வால் தன் வேலையைச் சரியாகச் செய்யாது. அத்தோடு, நிஜ விமானம் சரிந்தால் நிமிர்த்த விமானி இருக்கிறார். நம்முடையதில் ஆள் இல்லை. அதனால் அளவிடையை வேண்டுமென்றே இரண்டு இடத்தில் மீறுகிறோம். கிடை வாலை நீள அகலத்தில் பத்தில் ஒரு பங்கு கூட்டி வெட்டுங்கள். நிஜத்தில் 2 பாகைகூட இல்லாத செட்டையின் மேல்நோக்கிய சாய்வை 5 பாகையாக்குங்கள். அப்போது ஒவ்வொரு நுனியும் நடுவைவிட ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் உயர்ந்து நிற்கும். சரியும்போது தாழ்ந்த பக்கத்துச் செட்டைக்குக் காற்று கூடுதல் கோணத்தில் அடித்து அதைத் தூக்கிவிடும். பாரிஸில் 1871இல் அல்போன்ஸ் பெனோவின் இறப்பர் முறுக்கு விமானம் 11 செக்கன் தானாகப் பறந்தபோது, அதன் செட்டை நுனிகளும் மேல்நோக்கி வளைந்துதான் இருந்தன.

கல்முனைச் சந்தையில் மீன் வருகிற ரெஜிபோம் பெட்டியின் மூடி போதும். நன்றாகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பூனைதான் முதல் பயணி. செட்டைக்கு 40 கிராம் அளவில்தான் வரும். அடியில் நீளத்துக்கு ஒரு மூங்கில் கீற்று ஒட்டாவிட்டால் எறியும்போதே முறியும். சூப்பர் குளூவைப் பக்கத்தில் எடுக்காதீர்கள். அது ரெஜிபோமைத் தின்றுவிடும். என் முதல் செட்டை அப்படித்தான் கண்முன்னே ஓட்டையானது. மரவேலைக்காரரின் வெள்ளைப் பசை நல்லது, ஓர் இரவு காயவேண்டும். ஒட்டும்போது செட்டையின் முன்விளிம்பு வாலைவிட 2 அல்லது 3 பாகை நிமிர்ந்திருக்கட்டும். பட்டத்தில் முச்சை செய்கிற வேலை இது.

பாரம்தான் உயிர்நாடி. நிஜ விமானத்தின் மூக்கில் எஞ்சின் இருக்கிறது, நம்முடைய மூக்கு வெறும் கூடு. அப்படியே எறிந்தால் வால் கனத்து, நிமிர்ந்து, பொத்தென்று விழும். செட்டைக்கு அடியில், முன்விளிம்பிலிருந்து 4 சென்ரிமீற்றர் தள்ளி, இரண்டு பக்கமும் விரல் நுனியில் தாங்கிப் பாருங்கள். சமமாக நிற்கும்வரை மூக்குக்குள் வயல் களிமண்ணை அடைக்கவேண்டும். கையில் வாங்குகிறவர்கள் "இவ்வளவு பாரமா?" என்பார்கள். என் காக்காவும் கேட்டார். பிறகு களியைக் கழற்றிவிட்டுத் தானே எறிந்து பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் கச்சான் கொட்டை தின்றுகொண்டு வீட்டில் ஒட்டுவேலை செய்யலாம். எறிவதற்கு மார்ச் மாதத்து விடியல்தான். சுபஹுத் தொழுகை முடிந்து, கடற்காற்று கிளம்புமுன், அரிதாள் நிற்கும் வயலுக்குப் போங்கள். அரிதாள் மெத்தை மாதிரி. மேலே பார்த்து எறியக்கூடாது. தொலைவிலுள்ள வரம்பைக் குறிவைத்து, ஓட்டத்தோடு மட்டமாகத் தள்ளிவிடவேண்டும். கை உயரத்திலிருந்து 8 மீற்றர் நேராகப் போனால் போதும். நிமிர்ந்து, தயங்கி, குத்தினால் மூக்கில் இன்னும் களி. எறிந்ததுமே குத்தினால் களியைக் குறையுங்கள். ஒரே பக்கம் திரும்பினால் களியில் கைவைக்காமல் செட்டை முறுகியிருக்கிறதா என்று பாருங்கள்.

நிறம் பூசுவது கடைசியில். இலங்கையின் சிவில் விமானங்களுக்குப் பதிவு அடையாளம் 4ஆர் என்று தொடங்கும். உடம்பின் பக்கத்தில் அந்த எழுத்துகள் குறைந்தது 30 சென்ரிமீற்றர் உயரம் இருக்கவேண்டும் என்பது உலக விதி. உங்களுக்கு 3 சென்ரிமீற்றர். அவற்றை எழுதிக் காயவிட்டபின் மறுபடி விரல் நுனியில் தாங்கிப் பாருங்கள். வால் பக்கம் பூசிய மை சில கிராம்தான், ஆனாலும் வால் தாழ்ந்திருக்கும். களிமண் உருண்டையில் கொஞ்சம் மிச்சம் வைத்திருங்கள்.