வி. வி. கிரி

வராககிரி வேங்கட கிரி (ஆகஸ்ட் 10, 1894 – ஜூன் 24, 1980) இந்தியக் குடியரசின் நான்காவது குடியரசுத் தலைவர் ஆவார். தொழிற்சங்கத் தலைவராகப் பொதுவாழ்வில் நுழைந்த இவர், சென்னை மாகாண அமைச்சர், இலங்கைக்கான இந்தியாவின் முதல் உயர் ஆணையர், நடுவண் தொழிலாளர் அமைச்சர், மூன்று மாநிலங்களின் ஆளுநர், மாநிலங்களவைத் தலைவர் ஆகிய பொறுப்புகளை வகித்தார். தொழிலாளரும் முதலாளியும் தமக்கிடையே எழும் பிணக்கை நேருக்கு நேர் பேசியே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது இவரது வாழ்நாள் கொள்கை. இவர் இலங்கையில் தூதராக இருந்த காலத்தில்தான் அந்நாட்டின் மலையகத் தமிழ்த் தொழிலாளர்கள் குடியுரிமை இழந்தனர்.

பிறப்பும் கல்வியும்

கிரி அக்காலச் சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டத்தில் இருந்த பெர்காம்பூரில் (இன்று ஒடிசா மாநிலத்தின் பிரம்மப்பூர்) ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஜோகையா பந்துலு வழக்கறிஞர். காங்கிரசு இயக்கத்தில் பங்கு கொண்டவர். தாயார் சுபத்திரம்மா.

சட்டம் பயில்வதற்காகக் கிரி 1913 ஆம் ஆண்டு அயர்லாந்தின் டப்ளின் நகருக்குச் சென்றார. அதே ஆண்டில்தான் தொழிற்சங்கத்தில் சேர்ந்த தொழிலாளர்களை வேலைக்கு வரவிடாமல் முதலாளிகள் வெளியே நிறுத்திய பெரும் கதவடைப்பு அந்நகரில் தொடங்கியது. தொழிலாளர் இயக்கமும் நாட்டு விடுதலை இயக்கமும் ஒன்றோடொன்று பிணைந்திருந்ததை மாணவராக இருந்த கிரி நேரில் கண்டார். 1916 இல் அயர்லாந்து விடுதலைப் போராளிகளின் ஈஸ்டர் எழுச்சி ஒடுக்கப்பட்டபோது, அவர்களோடு தொடர்புடையவர் என ஐயுறப்பட்டு, அந்நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. நாடு திரும்பியபின் வழக்கறிஞராகப் பணியாற்றினார். ஒத்துழையாமை இயக்கத்தின்போது அத்தொழிலைக் கைவிட்டார். கள்ளுக்கடை, சாராயக்கடை மறியலில் ஈடுபட்டதற்காக 1922 இல் சிறை சென்றார்.

தொழிற்சங்கப் பணி

1920களில் உருவான அனைத்திந்திய இரயில்வே தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியவர்களுள் கிரியும் ஒருவர். வங்காள–நாகபுரி இரயில்வே தொழிலாளர் சங்கத்திற்கும் இவர் தலைமை தாங்கினார். 1926 இல் அனைத்திந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; 1942 இல் மீண்டும் அப்பொறுப்பை ஏற்றார். 1927 இல் ஜெனீவாவில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாட்டில் இந்தியத் தொழிலாளர்களின் பேராளராகக் கலந்துகொண்டார். 1931 இல் இலண்டனில் நடைபெற்ற இரண்டாம் வட்டமேசை மாநாட்டிலும் தொழிலாளர் தரப்பின் சார்பில் இடம்பெற்றார். 1934 முதல் நடுவண் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

சென்னை மாகாண அமைச்சர்

1937 ஆம் ஆண்டுத் தேர்தலில் பொப்பிலி தொகுதியில் போட்டியிட்ட கிரி, நீதிக்கட்சித் தலைவரும் மாகாணத்தின் முன்னாள் முதலமைச்சருமான பொப்பிலி அரசரைத் தோற்கடித்தார். இராசகோபாலாச்சாரி தலைமையில் அமைந்த காங்கிரசு அமைச்சரவையில் தொழிலாளர், தொழில் துறைகள் இவருக்கு அளிக்கப்பட்டன.

சென்னை நகரம் அப்போதே தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடியாக விளங்கியது. வடசென்னைப் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரலில் பெரம்பூரில் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படுகிறது. பி. பி. வாடியா, திரு. வி. கலியாணசுந்தரனார் முதலியோர் இதனை வழிநடத்தினர். பஞ்சாலைகள், இரயில்வே பணிமனை, துறைமுகம் ஆகியவை அடுத்தடுத்து அமைந்த இப்பகுதியின் தொழிலாளர்கள், தொழிற்சங்கத் தலைவர் ஒருவரே அமைச்சரானபோது தங்கள் கோரிக்கைகள் நிறைவேறும் என எதிர்பார்த்தனர். அரசின் கட்டளையால் பிணக்கை முடிப்பதைவிட இருதரப்பையும் ஒரே மேசையில் அமர்த்துவதையே கிரி விரும்பினார்.

இதே அமைச்சரவையின் காலத்தில்தான் கட்டாய இந்திக்கு எதிரான முதல் போராட்டம் நடந்தது. அப்போராட்டத்தில் சிறை சென்று 1939 இல் உயிர்நீத்த நடராசன், தாளமுத்து ஆகிய இருவரின் நினைவிடமும் வடசென்னையின் மூலக்கொத்தளம் இடுகாட்டில் உள்ளது. இரண்டாம் உலகப்போரில் இந்திய மக்களைக் கலந்துகொள்ளாமல் நாடு ஈடுபடுத்தப்பட்டதைக் கண்டித்து, 1939 அக்டோபரில் காங்கிரசு அமைச்சரவை பதவி விலகியது. வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது கிரி மீண்டும் சிறைப்பட்டார். 1946 இல் த. பிரகாசம் தலைமையில் அமைந்த அமைச்சரவையில் இவரே தொழிலாளர் அமைச்சராக இருந்தார்.

இலங்கையில் உயர் ஆணையர்

1947 இல் இலங்கைக்கான இந்தியாவின் முதல் உயர் ஆணையராகக் கிரி நியமிக்கப்பட்டார். பொதுநலவாய நாடுகள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் தூதர் உயர் ஆணையர் எனப்படுகிறார். இலங்கை 1948 பிப்ரவரி 4 அன்று விடுதலை பெற்றது. கிரி 1951 வரை கொழும்பில் பணியாற்றினார்.

இரு நாடுகளுக்கும் இடையே அப்போது இருந்த முதன்மையான சிக்கல் மலையகத் தமிழரின் நிலை ஆகும். 19 ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழக மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியாக ஆள் சேர்க்கப்பட்டது. இவ்வாறு சென்ற தொழிலாளர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் விடுதலையின்போது ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்டோராக இருந்தனர். நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பெரும்பகுதி இவர்களின் உழைப்பால் கிடைத்தது. 1947 பொதுத்தேர்தலில் இவர்கள் வாக்களித்தனர். இலங்கை இந்தியர் காங்கிரசின் சார்பில் சௌ. தொண்டமான் உள்ளிட்டோர் நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

அடுத்த ஈராண்டுகளில் மூன்று சட்டங்கள் இந்நிலையை மாற்றின.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம்: இலங்கையில் பிறந்த ஒருவர் குடிமகனாக, அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்குப் பிறந்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவுகள் முறையாக இல்லாத தோட்டத் தொழிலாளர்களால் இதனை மெய்ப்பிக்க இயலவில்லை.

1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாக்கித்தானிய வதிவோர் சட்டம்: மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து நாட்டில் வாழ்ந்ததைக் காட்டினால் பதிவின் மூலம் குடியுரிமை பெற விண்ணப்பிக்கலாம். 

1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம்: குடிமக்கள் மட்டுமே வாக்காளர் பட்டியலில் இடம்பெற முடியும்.

முதல் சட்டம் குடியுரிமையையும் மூன்றாவது சட்டம் வாக்குரிமையையும் பறித்தன. இரண்டாவது சட்டம் திறந்துவிட்ட வழியோ மிகக் குறுகியது. ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டபோதிலும், 1964 வரை சுமார் 1,34,000 பேரே குடியுரிமை பெற்றனர். 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தை ஜி. ஜி. பொன்னம்பலம் ஆதரித்தார். குடியுரிமைச் சிக்கலில் அவரோடு முரண்பட்டுப் பிரிந்த சா. ஜே. வே. செல்வநாயகம் 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியை நிறுவினார்.

தூதரின் வரம்பு

இச்சிக்கலில் இந்திய உயர் ஆணையரின் நிலை எளிதானதன்று. மலையகத் தமிழருள் இலங்கையிலேயே நிலையாகக் குடியேறியோர் இலங்கைக் குடிமக்களாக ஏற்கப்பட வேண்டும் என்பது இந்திய அரசின் நிலைப்பாடு. ஆனால் அவர்களுக்காக இந்தியத் தூதர் வாதாடுவதே, அவர்கள் இந்தியர்கள்தாம் என்னும் எதிர்த்தரப்பின் கூற்றுக்கு வலுச்சேர்ப்பதாக அமைந்தது. அவர்கள் இந்தியர் என்று இந்தியா ஏற்றுக்கொண்டால், பிறந்து வளர்ந்த மண்ணில் அவர்களுக்கு உரிமை இல்லை என்பதையும் ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

பிரதமர்கள் நேருவும் டி. எஸ். சேனநாயக்காவும் 1947–48 இல் நடத்திய பேச்சுகளும் கடிதப் போக்குவரத்தும் உடன்பாட்டில் முடியவில்லை. எத்தனை ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும், எந்த நாளிலிருந்து கணக்கிடுவது, வேறு எந்தத் தகுதிகள் வேண்டும் என்பவற்றில் கருத்து வேறுபாடு நீடித்தது. குடியுரிமை வழங்குவது தன் உள்நாட்டு விவகாரம் என இலங்கை அரசு கருதியது. ஆலைப் பிணக்கில் தொழிலாளரிடம் வேலைநிறுத்தம் என்னும் கருவியும் பேச்சுவார்த்தையில் ஓர் இருக்கையும் உண்டு. இங்கோ, யாருடைய உரிமை பேசப்பட்டதோ அவர்களுக்கு இரு அரசுகளின் மேசையிலும் இடம் இருக்கவில்லை.

கிரி பதவியிலிருந்து நீங்கியபின் 1964 அக்டோபரில் சிறிமா–சாத்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேராகக் கணக்கிடப்பட்டோருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது எனவும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது எனவும் அதில் கூறப்பட்டது. எஞ்சியோரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தாயகம் திரும்பியோருக்கு வேலை அளிக்கும் நோக்குடன் தமிழ்நாடு அரசு 1968 இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. நாடற்றோராக எஞ்சியிருந்தவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் நிறைவேறியது.

நடுவண் தொழிலாளர் அமைச்சர்

1952 பொதுத்தேர்தலில் பாதப்பட்டினம் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கிரி, நேருவின் அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சரானார். 1947 ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டப்படி எந்தப் பிணக்கையும் அரசு தீர்ப்பாயத்திற்கு அனுப்ப முடிந்தது. தீர்ப்பாயம் உண்டு என்ற எண்ணமே இருதரப்பையும் பேசவிடாமல் செய்கிறது என்றும், வலுவான சங்கமும் நேரடிப் பேச்சுமே நிலைத்த அமைதியைத் தரும் என்றும் கிரி வாதிட்டார். இக்கருத்து 'கிரி அணுகுமுறை' எனப் பெயர் பெற்றது.

1954 ஆகஸ்டில், வங்கி ஊழியர்களின் ஊதியம் பற்றித் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அளித்த முடிவை நடுவண் அரசு ஊழியர்களுக்குப் பாதகமாக மாற்றியது. இதனை ஏற்காத கிரி அமைச்சர் பதவியைத் துறந்தார். தீர்ப்பாய முறையை அவர் விரும்பாதபோதிலும், நடைமுறையில் உள்ள முறையின் முடிவை அரசே மீறக்கூடாது என்பது அவர் நிலைப்பாடாக இருந்தது.

1957 இல் பார்வதிபுரம் தொகுதியில் தோல்வியுற்றார். அது ஓர் இடம் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட இரட்டை உறுப்பினர் தொகுதி ஆகும். இரு இடங்களுக்கும் பழங்குடி வேட்பாளர்களே தேர்வாயினர். கிரி தொடுத்த வழக்கில், பழங்குடி வேட்பாளர் பொது இடத்திற்கும் தேர்வாகலாம் என உச்ச நீதிமன்றம் 1959 இல் தீர்ப்பளித்தது. இரட்டை உறுப்பினர் தொகுதிகள் 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டன.

ஆளுநரும் மாநிலங்களவைத் தலைவரும்

1957 முதல் 1967 வரை உத்தரப் பிரதேசம், கேரளம், மைசூர் ஆகிய மாநிலங்களின் ஆளுநராகக் கிரி அடுத்தடுத்துப் பணியாற்றினார். 1967 மே மாதத்தில் குடியரசுத் துணைத் தலைவரானார். இந்திய அரசமைப்புச் சட்டப்படி துணைத் தலைவரே மாநிலங்களவையின் தலைவர் ஆவார். அவர் அவையின் உறுப்பினர் அல்லர். வாக்குகள் சமமாகப் பிரியும்போது மட்டுமே வாக்களிக்கலாம்.

1969 குடியரசுத் தலைவர் தேர்தல்

1969 மே 3 அன்று குடியரசுத் தலைவர் சாகிர் உசேன் காலமானார். கிரி தற்காலிகக் குடியரசுத் தலைவரானார். ஜூலை 19 அன்று 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். தேர்தலில் போட்டியிடுவதற்காக மறுநாள் பதவி விலகினார்.

காங்கிரசின் அதிகாரப்பூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. கிரி கட்சி சாராத வேட்பாளராக நின்றார். மனச்சான்றின்படி வாக்களிக்குமாறு பிரதமர் இந்திரா காந்தி தம் கட்சியினரைக் கேட்டுக்கொண்டது கிரிக்கு உதவியது. தி.மு.க.வும் இடதுசாரிக் கட்சிகளும் கிரியை ஆதரித்தன. வெற்றி பெறத் தேவையான வாக்கு மதிப்பு 4,18,169. முதல் விருப்ப வாக்குகளில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, சி. டி. தேஷ்முக் 1,12,769 பெற்றனர். எவரும் தேவையான அளவை எட்டாததால் இரண்டாம் விருப்ப வாக்குகள் எண்ணப்பட்டன. முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427 எனக் கிரி வெற்றி பெற்றார். இத்தேர்தல் பிளவு அவ்வாண்டு நவம்பரில் காங்கிரசு இரண்டாக உடைவதில் முடிந்தது.

தேர்தலை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், பதவியில் இருந்தபோதே கிரி உச்ச நீதிமன்றத்தில் நேரில் தோன்றிச் சாட்சியம் அளித்தார். 1970 இல் வழக்கு தள்ளுபடி செய்யப்பட்டது. 1974 ஆகஸ்ட் 24 அன்று பதவிக்காலம் முடிந்தது.

இறுதிக்காலமும் சிறப்புகளும்

1975 இல் கிரிக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. தொழில் உறவுகள், இந்தியத் தொழிலாளர் சிக்கல்கள் ஆகியவை பற்றி நூல்கள் எழுதியுள்ளார், தன்வரலாறும் எழுதினார். ஓய்வுக்குப்பின் சென்னையில் வாழ்ந்த இவர், 1980 ஜூன் 24 அன்று அந்நகரிலேயே காலமானார். நொய்டாவில் உள்ள தேசியத் தொழிலாளர் நிறுவனம் இவரது பெயரைத் தாங்கியுள்ளது.