பேண்ட் பாக்கெட்டில் செல்போன்: விந்தணுவுக்கு ஆபத்தா?

பேண்ட் பாக்கெட்டில் செல்போன் வைத்தால் குழந்தை பிறக்காது என்ற பேச்சு ஏறக்குறைய செல்போன் அளவுக்கே பழையது. அதைச் சோதித்த பெரிய ஆய்வுகளுள் ஒன்று நடந்தது சுவிட்சர்லாந்தின் ராணுவ ஆள்சேர்ப்பு மையங்களில். 2005 முதல் 2018 வரை அங்கு வந்த 18 முதல் 22 வயது இளைஞர்கள் 2,886 பேரிடம் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விந்து மாதிரி பெற்றார்கள். போனை எத்தனை முறை பயன்படுத்துகிறீர்கள் என்றும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

முடிவு 2023இல் வெளியானது. வாரம் ஒருமுறைக்கு மேல் போனைத் தொடாதவர்களுக்கு ஒரு மில்லி விந்தில் 5.65 கோடி அணுக்கள்; நாளுக்கு 20 முறைக்கு மேல் எடுத்தவர்களுக்கு 4.45 கோடி. பரபரப்பான தலைப்புக்கு இது போதும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் குறைந்தபட்ச அளவுகோலாக வைத்திருப்பது 1.6 கோடிதான்.

இன்னொன்றும் இருக்கிறது. போனை பாக்கெட்டில் வைத்தவர்களுக்கும் வேறிடத்தில் வைத்தவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை! விந்தணுவின் நீந்தும் திறனிலும் வடிவத்திலும் பாதிப்பு இல்லை. எண்ணிக்கைக் குறைவும் 2005-07இல் பளிச்சென்று தெரிந்து, பிறகு படிப்படியாக மங்கிவிட்டது. 2ஜி போய் 3ஜி, 4ஜி வந்தபோது போன்கள் வெளியிடும் ஆற்றல் குறைந்ததே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பொருந்தத்தான் செய்கிறது, என்றாலும் அது ஊகம்தான்.

ஆய்வகக் கதை வேறு. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் 32 பேரின் விந்து மாதிரிகளை, பேசும் நிலையிலுள்ள போனுக்கு 2.5 சென்டிமீட்டர் தள்ளி ஒரு மணி நேரம் வைத்தார்கள். அணுக்களின் ஓட்டம் குறைந்தது. ஆனால் தோலும் சதையும் ரத்த ஓட்டமும் இடையில் இல்லாத சோதனை அது.

செல்போன் அலைகளுக்கு, எக்ஸ்ரே போல டிஎன்ஏவை நேரடியாக உடைக்கும் ஆற்றல் கிடையாது. நிரூபணமான விளைவு வெப்பம்தான். விரைகளுக்கு உடல் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவு தேவை. அந்த வகையில் பாக்கெட் போனைவிட மடியில் வைக்கும் லேப்டாப்பே கவலைக்குரியது: ஒரு மணி நேரத்தில் விரைப்பையின் சூடு இரண்டரை டிகிரிக்கு மேல் ஏறியதாக 2005இல் ஓர் ஆய்வு அளந்து காட்டியது.

ஓராண்டு முயன்றும் கரு தங்காவிட்டால் போனைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டாம். மனைவியை மட்டும் மருத்துவரிடம் அனுப்பவும் வேண்டாம். கணவரும் விந்துப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். சிகரெட்டை இன்றே விடட்டும். புதிய விந்தணு உருவாகச் சுமார் 74 நாள் ஆகும் என்பதால், பலன் தெரிய மூன்று மாதம் பிடிக்கும்.