சிவப்பு வரி, பச்சை வரி

மதுரை கே.கே. நகரில் ஒரு மாணவர், சொல்லிலுள்ள எழுத்துகளை எண்ணும் நிரல் ஒன்றை எழுதுகிறார் என்று கொள்வோம். ‘தமிழ்’ என்று கொடுத்தால் கணிப்பொறி ஐந்து என்கிறது. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என யூனிகோடு முறையில் ஐந்து குறிகள் உள்ளனவே! ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் பொது நிரல் தொகுப்பைப் பயன்படுத்தி, விடை மூன்று என வருமாறு ஒரு வரியை மாற்றுகிறார். மாற்றியதில் வேறு பிழை நுழைந்திருந்தால் பழைய வரிக்கு எங்கே போவது?

இதற்கென லைனஸ் டார்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கியதே ‘கிட்’. திருத்தியவர் பெயர், நேரம், காரணம் யாவும் அதில் பதிவாகின்றன. (ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் கண்ட உ.வே. சாமிநாதையருக்கு இவ்வசதி வாய்க்கவில்லை!)

கிட்டின் கட்டளைகள் பல. அவற்றை மனப்பாடம் செய்ய அஞ்சுவோருக்கு ‘கிட்ஹப் டெஸ்க்டாப்’ போன்ற சாளர நிரல்கள் உண்டு. இடப்புறம் மாறிய கோப்புகளின் பட்டியல். வலப்புறம் நீக்கிய வரி சிவப்பிலும் சேர்த்த வரி பச்சையிலும் தெரியும். வேண்டாத வரியை விலக்கிவிட்டு, காரணம் எழுதி, ‘கமிட்’ பொத்தானை அழுத்தலாம். பதியுமுன் கண்ணால் பார்ப்பதே இம்முறையின் பெரும் பயன் என்பேன். பின்னர் தவறென்று தெரிந்தால் ‘ரிவர்ட்’ உண்டு. அது பழைய பதிவை அழிப்பதில்லை, அதற்கு எதிரான புதிய பதிவைச் சேர்க்கிறது.

இருவர் ஒரே வரியை வெவ்வேறாக மாற்றி, இரண்டையும் இணைக்க முயன்றால் கிட் நின்றுவிடும். எது சரி என்று மனிதர்தாம் சொல்லவேண்டும்.

ஒன்று கவனிக்க: ‘கமிட்’ செய்தது அவரவர் கணிப்பொறியிலேயே தங்கும். ‘புஷ்’ அழுத்துமுன் வட்டு பழுதானால், கே.கே. நகர் மாணவரின் பச்சை வரியும் அதோடு போய்விடும்.